பத்து மீட்டர் தூரம்

மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலையில், மார்க்கெட்டுக்குள் திரும்பும் சந்துக்குச் சற்று முன்னால், ஒரு ஜூஸ் கடையை ஒட்டி எட்டடிக்கு ஐந்தடியில் ஒரு செல்போன் சர்வீஸ் கடை 2005 கடைசியில் திறந்தது. கடையில் உட்கார்ந்திருந்தது ஒரு பெண். முதல் ஒரு மாதம், வந்தவர்களில் பாதிப் பேர் உள்ளே எட்டிப் பார்த்து, "கடையில யாரும் இல்லையா?" என்று கேட்டார்கள்.

"நான் இருக்கேன்ல," என்பார் ஷாயிஸ்தா.

சிலர் சிரித்துக்கொண்டே போனைக் கொடுத்தார்கள். மற்றவர்கள் ஆறு கடை தள்ளியிருந்த அக்தரின் கடைக்குப் போனார்கள். அக்தர், ஷாயிஸ்தாவின் கணவருக்கு அண்ணன். ஷாயிஸ்தா வேலை செய்துகொண்டிருந்ததும் அங்கேதான். அங்கிருந்து கோபித்துக்கொண்டு வந்துதான் இந்தக் கடையை எடுத்தார்.

அவர் பிறந்தது பல்லாவரத்தில். அப்பா நசீருதீன், நாகல்கேணியில் ஒரு தோல் தொழிற்சாலையில் ஃபிட்டர். ப்ளஸ் டூவுக்குப் பிறகு பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் படித்தார். தாம்பரம் சானடோரியத்தில் ஏற்றுமதி வளாகத்துக்குள் இருந்த ஒரு கம்பெனியில் மூன்று வருடம் சர்க்யூட் போர்டில் பற்றவைக்கும் வேலை. பூதக்கண்ணாடிக்குக் கீழே ஷிஃப்டுக்கு நானூறு போர்டு. அந்த வேலையில் கை நடுங்காமல் இருக்கப் பழகியது. அதிகம் பேசாமலிருக்கவும் அங்கேதான் பழகியது என்று அவரே சொல்வார். 2002-ல் வாஜிதுடன் நிக்காஹ் நடந்தது. இரண்டு வருடத்தில் வாஜித் ஏ.சி. மெக்கானிக்காக ஷார்ஜாவுக்குப் போனார். குழந்தை இல்லை. வீட்டில் சும்மா இருப்பதற்குப் பதிலாக அக்தரின் கடையில், பிளைவுட் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து போன்களைச் சரிசெய்யத் தொடங்கினார். முன்னால் வியாபாரத்தை அக்தர் பார்த்துக்கொண்டார். பின்னால் ஒரு பெண் உட்கார்ந்திருப்பது பல வாடிக்கையாளர்களுக்குத் தெரியாது.

அந்தக் கடையில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. பாட்டு ஏற்றிக்கொடுக்க வைத்தது. ரிப்பேருக்கு வரும் போன்களில் இருக்கும் படம், வீடியோ எல்லாவற்றையும் அக்தர் முதலில் அதில் இறக்கிவைத்துக்கொள்வார். சாஃப்ட்வேர் போடும்போது போனில் இருப்பது அழிந்துபோனால் திருப்பிக் கொடுக்கவேண்டுமே. நல்ல எண்ணம்தான். ஆனால் திருப்பிக் கொடுத்த பிறகும் அதை யாரும் அழிக்கவில்லை. ஒரு நாள் பாட்டு தேடப் போன ஷாயிஸ்தா 'பழசு' என்று பெயரிட்ட ஒரு ஃபோல்டரைத் திறந்தார். பதினான்கு மாதத்துப் படங்கள் அதில் இருந்தன. கல்யாணம், காதுகுத்து, ஆஸ்பத்திரி, படுக்கையறை. அவருக்குத் தெரிந்த ஒரு முகமும் இருந்தது. தாம்பரம் கோர்ட்டில் வக்கீலாக இருக்கும் பியூலா. நைட்டியில், தலை கலைந்து, பிறந்து சில நாளே ஆன குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தார். வீட்டுக்காரர் எடுத்த படமாக இருக்கவேண்டும்.

அதே கம்ப்யூட்டரில்தான் தினமும் பத்து இருபது பேர் கேபிளை மாட்டி, தங்களுக்கு வேண்டியதைத் தாங்களே பார்த்து எடுத்துக்கொண்டு போனார்கள்.

ஷாயிஸ்தா அந்த ஃபோல்டரை அழித்துவிட்டு அக்தரிடம் சொன்னார். அக்தருக்குக் கோபம் வந்துவிட்டது.

"நான் என்ன தப்பு பண்ணிட்டேன்? நாளைக்கு ஒருத்தன் வந்து, பாய் எம் புள்ள போட்டோ எங்கன்னு கேட்டா நான்தானே பதில் சொல்லணும்?"

"வந்து கேக்கறவருக்குச் சொல்லிடலாம் மச்சான். இதுல இருக்கற பொம்பளைங்க யாரும் வந்து கேக்க மாட்டாங்களே. அவங்களுக்கு இங்க இருக்கறதே தெரியாது."

பேச்சு வளர்ந்தது. மறுநாள் ஷாயிஸ்தா பியூலாவின் அலுவலகத்துக்குப் போய் நடந்ததை அப்படியே சொன்னார். பியூலா கையிலிருந்த ஃபைலை மூடி வைத்தார். பிறகு, "எத்தனை பேர் பாத்திருப்பாங்க?" என்று கேட்டார்.

"தெரியாது மேடம்."

அந்த ஒரு பதிலைச் சொல்ல நேர்ந்ததுதான் ஷாயிஸ்தாவை உறுத்திக்கொண்டே இருந்தது. சத்தம் போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது. பியூலா சத்தம் போடவில்லை. வெளியே வரும்போது கையைப் பிடித்து, வந்து சொன்னதற்கு நன்றி என்று மட்டும் சொன்னார்.

தனிக்கடை போட்டபோது ஷாயிஸ்தா கம்ப்யூட்டர் வாங்கவில்லை. ஒருவரின் போனில் இருப்பதை வெளியே எடுக்கவேண்டுமென்றால், அவரையே இன்னொரு போன் கொண்டுவரச் சொல்வார். அவருடைய புதுப் போனாக இருக்கலாம், அண்ணன் தம்பியுடையதாக இருக்கலாம். இரண்டையும் மேஜைமேல் அருகருகே வைத்து, புளூடூத்தைப் போட்டு, இதிலிருந்து அதற்கு நேராக அனுப்புவார். நடுவில் கடை கிடையாது. புளூடூத் இல்லாத பழைய போன்களை இன்ஃப்ராரெட்டில், தலையோடு தலை ஒட்டிவைத்து அனுப்பவேண்டும். கொஞ்சம் நகர்ந்தாலும் அறுந்துவிடும். போனின் சொந்தக்காரர் எதிரிலேயே உட்கார்ந்திருக்கவேண்டும். சில நேரம் ஒரு மணி நேரம் ஆகும்.

"பேஜாரா கீதும்மா, அக்தர் பாய் ரெண்டே நிமிஷத்துல கேபிள்ல உருவிடுவாரு," என்று எழுந்து போனவர்கள் உண்டு. ஷாயிஸ்தா தடுக்கமாட்டார். ஆனால் ஒரு வருடத்துக்குள் கடையின் முன்னால் பெண்கள் வந்து நிற்க ஆரம்பித்தார்கள். டீச்சர்கள், நர்சுகள், கல்லூரிப் பெண்கள், குரோம்பேட்டையிலிருந்தும் வண்டலூரிலிருந்தும்கூட. அந்தக் கடையில் எதுவும் தங்காது என்பது தெருவுக்கே தெரிந்த விஷயமாகிவிட்டது.

புளூடூத்தில் தேடினால் சுற்றிலும் பத்து மீட்டருக்குள் அதைத் திறந்துவைத்திருக்கும் எல்லாப் போன்களின் பெயரும் வரிசையாக வந்து நிற்கும். ஒவ்வொருவரும் தன் போனுக்கு ஒரு பெயர் வைத்திருப்பார்கள். ஜூஸ் கடைக்காரரின் போன் பெயர் 'சிங்கம்'. எதிர்ச் சாரி ஃபேன்ஸி ஸ்டோரில் ஒருவர் 'டோன்ட் டச்' என்று வைத்திருந்தார். மூக்குத்தி வியாபாரி ஒருவர் கடைப் பெயரையே வைத்திருந்தார். ஷாயிஸ்தா தன் போனுக்கு வைத்திருந்தது ஒரே ஒரு புள்ளி.

2006 ஆகஸ்டில் ஒரு நாள், காலை பதினோரு மணி இருக்கும். இருபத்து நாலு இருபத்தைந்து வயதில் ஒரு பெண், இடுப்பில் இரண்டு வயதுக் குழந்தையுடன் வந்தாள். பெயர் தீபலட்சுமி. முடிச்சூரில் வீடு. போன் சார்ஜ் ஏறவில்லை என்றாள். ஷாயிஸ்தா சார்ஜரை மாட்டிப் பார்த்தார். நன்றாகவே ஏறியது.

"ஏறுதேம்மா."

"ஏறும்க்கா." அவள் குரலைத் தாழ்த்தினாள். "வேற ஒண்ணு பண்ணணும். நீங்க எதையும் வெச்சிக்க மாட்டீங்கன்னு சொன்னாங்க."

அவளுடைய கணவன் துரைக்குத் தண்ணீர் லாரி இரண்டு ஓடுகிறது. ஊரில் நல்ல பேர். திருநீர்மலைத் திருவிழாவுக்கு ஒவ்வொரு வருடமும் ஒரு லாரி தண்ணீர் சும்மா விடுவான். யார் வீட்டுச் சாவுக்கும் முதல் ஆளாகப் போய் நிற்பான். வீட்டுக்குள் வேறு ஆள். மார்ச்சில் அவளுடைய இடது மணிக்கட்டு உடைந்தது. பாத்ரூமில் வழுக்கி விழுந்ததாக ஆஸ்பத்திரியில் அவனே எழுதிக்கொடுத்தான். அவள் அண்டை வீட்டில் சொன்னாள். யாரும் நம்பவில்லை. அவளுடைய பெரிய மாமியாரே, "துரையா? சீ, வாய் அழுகிடும்" என்றாளாம். அதற்குப் பிறகுதான் தீபலட்சுமி போனைப் பாலித்தீன் பையில் சுற்றி அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்து அவன் பேசுவதைப் பதிவுசெய்ய ஆரம்பித்தாள். அந்தப் போன் ஒரு தடவைக்கு மூன்று நிமிடம்தான் பதிவுசெய்யும். நான்கு பதிவுகள் இருந்தன. மெமரி கார்டு போடும் வசதி அதில் இல்லை. போனுக்கு எது நடந்தாலும் பதிவுகளும் அதோடு போய்விடும்.

"எங்க மாமா பையன் ஒருத்தன், பிரவுசிங் சென்டர் போயி மெயில்ல ஏத்தி வெச்சிடுன்னான். அந்த சென்டர்காரர் இவரோட ஃபிரெண்டுக்கா."

"வேணாம்," என்றார் ஷாயிஸ்தா. "நெட்ல போட்டா எங்க இருக்குன்னு உனக்கே தெரியாது. யார்கிட்ட அனுப்பணும்னு சொல்லு, நேரா அனுப்பிடலாம். உனக்கு யாரு இருக்காங்க?"

தீபலட்சுமி யோசித்தாள். அம்மா எல்லம்மா குன்றத்தூரில் இருந்தாள். கல்யாண மண்டபங்களில் பாத்திரம் துலக்கும் வேலை. டார்ச் லைட் வைத்த சின்னப் போன்தான் வைத்திருந்தாள். அதில் புளூடூத் இல்லை. மாமா பையன்மேல் அவளுக்கு நம்பிக்கை இல்லை. வேறு யாருமில்லை.

அடுத்தவர் போனிலிருந்து ஒரு படத்தைக்கூட ஷாயிஸ்தா அதுவரை தன் போனில் வாங்கியதில்லை. இப்போது கைப்பையிலிருந்து தன் போனை எடுத்து மடியில், மேஜைக்குக் கீழே வைத்துக்கொண்டார்.

"குழந்தை போட்டோவும் இருக்குதுக்கா. பொறந்ததுலேர்ந்து. அதையும்…"

"மொதல்ல குரல் போகட்டும். அப்புறம் போட்டோ."

தீபலட்சுமியின் போனைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டு, புளூடூத்தைப் போட்டுத் தேடவிட்டார். பெயர்கள் ஒவ்வொன்றாக வந்தன. சிங்கம். புள்ளி. அடுத்து மூன்றாவதாக ஒரு பெயர். 'டான் துரை'.

தீபலட்சுமி அதைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள். குழந்தையைப் பிடித்திருந்த கை இறுகியதில் குழந்தை சிணுங்கியது.

"அக்கா, இது அவரு போனு."

பத்து மீட்டருக்குள் எங்கேயோ இருக்கிறான் என்று அதற்குப் பொருள். ஷாயிஸ்தா தலையைத் தூக்கவில்லை. "திரும்பாத," என்றார். "குழந்தைகிட்ட ஏதாச்சும் பேசிட்டு இரு."

முதல் பதிவை அனுப்பினார். மடியில் இருந்த போன் ஏற்றுக்கொள்ளவா என்று கேட்டது. கட்டைவிரலால் அழுத்தினார். அரை நிமிடத்துக்கும் குறைவாகத்தான் ஆகியிருக்கும். இரண்டாவது. அது பாதியில் இருக்கும்போது கடை வாசலில் நிழல் விழுந்தது.

"இன்னா பண்ணிகினு கீற இங்க?"

உயரமாக, வெள்ளைச் சட்டையில், நெற்றியில் திருநீறுடன் நின்றான். குரலில் கோபமே இல்லை. ஷாயிஸ்தாவைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தான்.

"சார்ஜ் ஏறல," என்றாள் தீபலட்சுமி.

"பின் லூசா இருக்கு சார்," என்றார் ஷாயிஸ்தா. அவருடைய ஒரு கையில் தீபலட்சுமியின் போன், சார்ஜர் வயர் மாட்டியபடி இருந்தது. மூன்றாவதை அனுப்பிவிட்டார். "ஆடாம வெச்சிப் பாக்கறேன். ஒரு நிமிஷம் நிக்கட்டும்."

"காலைல நல்லாத்தானே ஏறிச்சி."

"அப்படித்தான் சார், ஒரு நேரம் ஏறும், ஒரு நேரம் ஏறாது."

அவன் கையை நீட்டினான். "குடும்மா. நான் பாத்துக்கறேன்."

மூன்றாவது முடிந்திருந்தது. ஷாயிஸ்தா வயரைக் கழற்றுவது போலக் குனிந்து நான்காவதை அழுத்தினார். மடியில் வந்த கேள்விக்கும் பதில் அழுத்தினார். பிறகு போனை அவனிடம் கொடுத்தார். அதைத் தவிர அவருக்கு வேறு வழி தெரியவில்லை. அவன் அதைப் பார்க்கவில்லை. சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, குழந்தையை வாங்கித் தோளில் வைத்துக்கொண்டு வெளியே போனான். ஜூஸ் கடை முன்னால் நின்று, "அண்ணா, நம்ம வூட்டுக்காரிக்கு ஒரு சாத்துக்குடி. ஐஸ் போடாத, சளி புடிச்சிக்கும்," என்றான்.

பக்கத்தில் நின்றிருந்த இரண்டு பேர் அவனைப் பார்த்து வணக்கம் சொன்னார்கள். தீபலட்சுமி ஜூஸைக் குடித்தாள். அவனுடைய சட்டைப்பையில் இருந்தபடி அந்தப் போன் நான்காவது பதிவை அனுப்பிக்கொண்டிருந்தது. ஷாயிஸ்தாவின் மடியில் பச்சைக் கோடு மெதுவாக நகர்ந்து, நடுவில் ஒரு இடத்தில் நின்று, மறுபடியும் நகர்ந்து நிறைந்தது. அவர்கள் பைக்கில் ஏறிப் போனார்கள். அன்று மதியம் இரண்டு போன்களைத் திருகாணியைச் சரியாக முடுக்காமல் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

வீட்டுக்குப் போனதும் துரை போனை நோண்டியிருக்கிறான். பதிவுகளைக் கண்டுபிடித்துக் கேட்டிருக்கிறான். பின்பக்கம் துணி துவைக்கும் கல்லில் வைத்துப் போனை உடைத்துவிட்டான். இதெல்லாம் ஷாயிஸ்தாவுக்கு அப்போது தெரியாது. ஆனால் ஏதோ நடக்கும் என்று தோன்றியது. தன் போனை அணைத்து, வீட்டில் பீரோவுக்குள் துணிகளுக்கு அடியில் வைத்துவிட்டு, மறுநாள் ஒரு பழைய போனுடன் கடைக்கு வந்தார்.

பத்தரை மணிக்குத் துரை தன் அண்ணனுடன் வந்தான். இந்த முறை சிரிக்கவில்லை.

"நேத்து எம் பொண்டாட்டி போன்லேர்ந்து இன்னா எடுத்த?"

"சார்ஜிங் பின் பாத்தேன்."

"சும்மா சொல்லாத. அதுல இருந்ததெல்லாம் காப்பி எட்துக்கினியா? கம்ப்யூட்டர் எங்க கீது?"

"என் கடையில கம்ப்யூட்டர் கிடையாது சார்."

அண்ணன்காரன் மேஜைக்கு இந்தப் பக்கம் வந்து குனிந்து பார்த்தான். இழுப்பறையை இழுத்தான். பழைய பேட்டரிகள், கீபேடுகள், ஸ்பிரிட் பாட்டில், பஞ்சு. துரை அவருடைய போனைக் கேட்டான். ஷாயிஸ்தா பழைய போனை எடுத்து மேஜைமேல் வைத்தார். அதில் புளூடூத்தே இல்லை.

"இந்தக் கடையில யாரோட ஃபைலும் கிடையாது," என்றார். அந்த வாக்கியத்தை அவர் காலையிலேயே யோசித்து வைத்திருந்தார். அது பொய்யில்லை.

சத்தம் கேட்டு அக்தர் வந்துவிட்டார். அந்த ஃபோல்டர் சண்டைக்குப் பிறகு ஒன்பது மாதமாக அவர் அந்தக் கடைப் படி ஏறியதில்லை. "என்னப்பா பிரச்சினை? பொம்பளை உக்காந்திருக்கற கடையில வந்து டிராவை இழுக்கற?"

துரை விஷயத்தைச் சொன்னான். மனைவியின் போனில் இருந்த 'குடும்பப் போட்டோ' என்று சொன்னான்.

அக்தர் வாய்விட்டுச் சிரித்தார். "இவளா? ஒரு பாட்டுகூட வெச்சிக்க மாட்டாப்பா. அந்தச் சண்டையிலதான் என் கடைய விட்டுட்டு வந்தா. வேணும்னா இந்தத் தெருவுல யாரை வேணா கேளு."

ஜூஸ் கடைக்காரரும் ஆமாம் என்றார். பெண்கள் இரண்டு பேர் நின்று வேடிக்கை பார்த்தார்கள். துரைக்கு ஊருக்கு முன்னால் அதற்குமேல் பேச இஷ்டமில்லை. "தப்பா எட்துக்காதீங்க பாய்," என்று அக்தரின் தோளைத் தட்டிவிட்டுப் போனான்.

அக்தர் ஷாயிஸ்தாவைப் பார்த்தார். "ஒண்ணும் இல்லல்ல?"

"கடையில ஒண்ணும் இல்ல மச்சான்."

அவர் ஒரு நொடி நின்று யோசித்தார். எதுவும் கேட்காமல் போய்விட்டார்.

பதினோரு நாள் அந்த நான்கு பதிவுகள் பீரோவில் கிடந்தன. ஷாயிஸ்தா அவற்றைத் திறந்து கேட்கவில்லை. வாஜித் வெள்ளிக்கிழமை ஷார்ஜாவிலிருந்து வீட்டு லேண்ட்லைனில் பேசும்போது, உன் நம்பர் ஏன் எடுக்கவில்லை என்று கேட்டார். போன் ரிப்பேர் என்றார் ஷாயிஸ்தா. கணவரிடம் அவர் மறைத்த முதல் விஷயம் அதுவாகத்தான் இருக்கும். முடிச்சூரில் அந்தப் பெண் எப்படி இருக்கிறாள் என்று விசாரிக்கவும் வழியில்லை. விசாரித்தால் துரைக்குத் தெரிந்துவிடும்.

பன்னிரண்டாம் நாள் எல்லம்மா வந்தாள். குன்றத்தூர் பஸ்ஸிலிருந்து இறங்கி வழி கேட்டுக்கொண்டே வந்தவள், கடைக்கு வெளியிலேயே நின்று, "நீதானேம்மா சாய்ஸ்தா?" என்றாள்.

"உள்ள வாங்கம்மா."

"எம் பொண்ணு வூட்ட வுட்டு வந்துட்டா. கொழந்தைக்கு ஊசி போடணும்னு சொல்லிக்கினு ஆஸ்பத்திரி போனா, அப்பிடியே பஸ் ஏறி வந்துட்டா. ரெண்டு கன்னமும் வீங்கிக் கீது. உங்கிட்ட ஏதோ கீதாமே. வாங்கியான்னு சொன்னா." டார்ச் போனை முந்தானையிலிருந்து அவிழ்த்து மேஜைமேல் வைத்தாள். "இதுல போட்டுக் குடு."

"இதுல வராதும்மா." ஷாயிஸ்தா அந்தப் போனை அவளிடமே திருப்பிக் கொடுத்தார். "இது தீபாவோடது. தீபா எதிர்ல இருந்தாத்தான் நான் யார்கிட்டயும் குடுப்பேன். கோச்சிக்காதீங்க."

எல்லம்மாவுக்கு முதலில் கோபம்தான் வந்தது. இவ்வளவு தூரம் வந்திருக்கிறேனே என்றாள். பிறகு ஷாயிஸ்தா அங்கேயே உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்து, பியூலாவுக்குப் போன் செய்தார்.

இரண்டு நாள் கழித்து கோர்ட் எதிரில் பியூலாவின் அறையில் எல்லோரும் கூடினார்கள். ஷாயிஸ்தா பீரோவிலிருந்து எடுத்த போனை மேஜைமேல் வைத்தார். தீபலட்சுமி அதைப் பார்த்தாள். தொடவில்லை.

"நாலுமே வந்துச்சாக்கா?"

"நாலுமே வந்துச்சு."

"அவரு பாக்கெட்டுல இருக்கும்போதேவா?"

"ஆமாம்."

அவள் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்துபோனது. பிறகு, "போட்டோ?" என்று கேட்டாள்.

போட்டோ எதுவும் வரவில்லை. அனுப்ப நேரமிருக்கவில்லை. குழந்தை பிறந்த நாளிலிருந்து எடுத்த அறுபத்து மூன்று படங்கள் துணி துவைக்கும் கல்லில் போய்விட்டன. எந்தப் படமும் பிரிண்ட் போட்டதில்லை. எல்லம்மா குழந்தையின் சட்டையைச் சரிசெய்துகொண்டிருந்தாள். முதலில் குரல் என்று சொன்னது நான்தான் என்று ஷாயிஸ்தா நினைத்துக்கொண்டார். அதே நிலைமை இன்னொரு முறை வந்தாலும் அதையேதான் சொல்வேன் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது.

மகளிர் காவல் நிலையத்தில் துரை முதலில் எல்லாவற்றையும் மறுத்தான். அவளுக்கு மனசு சரியில்லை, தானாகவே விழுந்து அடிபட்டுக்கொள்வாள் என்றான். கூட நான்கு பெரிய மனிதர்களை அழைத்து வந்திருந்தான். பியூலா ஷாயிஸ்தாவின் போனில் இரண்டாவது பதிவைப் போட்டார். அரிசி டப்பாவுக்குப் பின்னாலிருந்து வந்த குரல், மார்ச் மாதம் மணிக்கட்டை எப்படி உடைத்தது என்று சொன்னது. அடுத்து எதை உடைக்கப்போகிறது என்றும் சொன்னது. வந்திருந்த பெரிய மனிதர்களில் ஒருவர் எழுந்து வெளியே போய்விட்டார். ஷாயிஸ்தா அப்போது வாசலில் வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். உள்ளிருந்து சத்தம் வந்ததே தவிர, வார்த்தைகள் கேட்கவில்லை.

ஸ்டேஷனில் சி.டி. கேட்டார்கள். சி.டி. என்றால் ஏதாவது ஒரு கம்ப்யூட்டர் வழியாகத்தான் போகவேண்டும். ஷாயிஸ்தா தயங்குவதைப் பார்த்துப் பியூலாவுக்குச் சிரிப்பு வந்தது.

"என் வீட்டுக் கம்ப்யூட்டர்தான். நீயே வந்து பக்கத்துல உக்காரு. போட்டு முடிச்சதும் உன் கண்ணு முன்னாடி அழிச்சிடறேன்."

"தீபாவும் வரட்டும் மேடம்," என்றார் ஷாயிஸ்தா.

தீபாவும் வந்தாள்.

வழக்கு இரண்டரை வருடம் இழுத்தது. அது தன் குரலே இல்லை என்று துரை தரப்பில் வாதம் செய்தார்கள். பதிவை ஏற்கலாமா கூடாதா என்பதிலேயே பல வாய்தா போனது. கடைசியில் அவனுடைய வக்கீலே பேச்சுவார்த்தைக்கு வந்தார். குழந்தை தீபலட்சுமியிடம் இருக்கும், இரண்டு பேரும் சம்மதித்துப் பிரிந்துகொள்வது, கிரிமினல் வழக்கை மேலே கொண்டுபோவதில்லை. தீபலட்சுமி மூன்று நாள் யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டாள். துரை ஒரு நாள்கூட உள்ளே இருக்கவில்லை. லாரிகள் மூன்றாயின. திருவிழாவுக்குத் தண்ணீரும் விட்டுக்கொண்டுதான் இருந்தான். ஆனால் முடிச்சூரில் அவனைப் பற்றிப் பேச்சு வந்தால் ஜனங்கள் கொஞ்சம் நிறுத்திப் பேச ஆரம்பித்திருந்தார்கள்.

தீர்ப்பு நகல் கைக்கு வந்தது 2009 பிப்ரவரியில். அந்த வாரமே தீபலட்சுமி கடைக்கு வந்தாள். போரூரில் ஒரு மருந்து மொத்த வியாபாரியிடம் பில் போடும் வேலையில் இருந்தாள். குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்திருந்தாள். வழக்கு முடியும்வரை அழிக்கவேண்டாம் என்று பியூலா சொல்லியிருந்ததால், ஷாயிஸ்தா அந்தப் போனை இவ்வளவு நாளும் தனியாக வைத்திருந்தார். பதினைந்து நாளைக்கு ஒரு முறை சார்ஜ் போட்டு, மறுபடி அணைத்து வைப்பார். தனக்கு வேறு போன் வாங்கிக்கொண்டுவிட்டார்.

"இப்ப அழிச்சிடலாமா?" என்றார்.

"அழிச்சிடலாம்க்கா." தீபலட்சுமி முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். "நீங்க இதைக் கேட்டீங்களா?"

"இல்லம்மா. ஒரு தடவைகூட இல்ல. சத்தியமா."

அவள் நிம்மதியடைவாள் என்று ஷாயிஸ்தா நினைத்தார். அவள் தலையைத் தாழ்த்திக்கொண்டாள்.

"போலீஸ் கேட்டாங்க. வக்கீலுங்க கேட்டாங்க. ஜட்ஜ் கேட்டாரு. அவங்கல்லாம் இது செல்லுமா செல்லாதான்னுதான் கேட்டாங்க. எங்கம்மாவால கேக்க முடியல, காதைப் பொத்திக்கிச்சு." தலையை நிமிர்த்தினாள். "நீங்க ஒரு தடவை கேளுங்கக்கா. அப்புறம் அழிச்சிடலாம்."

அடுத்தவருடையதைப் பார்க்காமல், கேட்காமல் இருப்பதைத்தான் இத்தனை வருடமும் ஷாயிஸ்தா மரியாதை என்று நினைத்திருந்தார். அந்தக் கடையே அந்த நினைப்பின்மேல்தான் நின்றது. இப்போது எதிரில் உட்கார்ந்திருப்பவள் வேறொன்றைக் கேட்கிறாள்.

அவர் எழுந்து ஷட்டரைப் பாதிக்கு இறக்கினார். போனைப் போட்டு, சத்தத்தைக் குறைத்து, இரண்டு பேருக்கும் நடுவில் மேஜைமேல் வைத்தார். பன்னிரண்டு நிமிடம். முதல் பதிவில் குக்கர் விசில் சத்தம் பாதிப் பேச்சை மறைத்தது. மூன்றாவதில் தீபலட்சுமி ஒரே ஒரு வார்த்தை பேசியிருந்தாள். நான்காவதில் அவன் குழந்தையைக் கொஞ்சிக்கொண்டே அவளை மிரட்டியிருந்தான். ஷாயிஸ்தா அழவில்லை. நடுவில் ஒரு இடத்தில் மட்டும் கையை நீட்டித் தீபலட்சுமியின் இடது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். முடியும்வரை விடவில்லை. வெளியே யாரோ, "கடை தொறந்திருக்கா?" என்று கேட்டுவிட்டுப் பதில் வராததால் போய்விட்டார்கள்.

முடிந்ததும் ஷாயிஸ்தா போனைத் தீபலட்சுமியின் பக்கம் நகர்த்தினார்.

"இப்ப நீயே அழி," என்றார் ஷாயிஸ்தா.

தீபலட்சுமி ஒவ்வொன்றாக அழித்தாள். நிஜமாக அழிக்கவா என்று போன் நான்கு முறை கேட்டது. நான்கு முறையும் ஆமாம் என்று அழுத்தினாள். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்து, மதியத்துக்குள் போரூர் போகவேண்டும் என்று எழுந்தாள். ஷாயிஸ்தா ஷட்டரை மேலே தள்ளினார்.